கதவருகே நின்ற அரசு: சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டங்களும் அவற்றை எதிர்த்தோரும் (1897–1947)

1. சிக்கல்

திருவண்ணாமலையில் மலையை வலம் வருவோர் வருண லிங்கத்தைக் கடந்து வாயு லிங்கத்தை எட்டும் முன் அடி அண்ணாமலை என்ற ஊரைத் தாண்டிப் போகிறார்கள். ஆதி அருணாசலேசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. பெருங்கோயிலுக்கும் முந்தியது அது என்பது ஊர் வழக்கு. மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இவ்விடத்தில் பாடினார் என்பது சைவ மரபு. அவருக்கு இங்கே தனிச் சன்னிதியும் உண்டு. மலையே சிவலிங்கம் என்று வணங்கப்படும் தலம் இது. 14 கிலோமீட்டர் பாதையில் நடப்பவர் எந்தத் தர்மகர்த்தாவின் அனுமதியையும் கேட்க வேண்டியதில்லை. மலைக்கு மதில் கிடையாது. மலையின் கீழ்ப்புறத்து அடிவாரத்தில் நிற்கும் அருணாசலேசுவரர் பெருங்கோயிலின் நிலை வேறு. அதற்கு மதில்கள் உண்டு, கோபுர வாயில்கள் உண்டு. அந்த வாயில்களுக்குள் யார் போகலாம், யார் எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்பது 1947 வரை மாமூலின் பொருளாகவும் வழக்காடு மன்றத்தின் பொருளாகவும் இருந்தது.

சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயிலைத் திறந்துவிடும் சட்ட முயற்சிகள் 1932 முதல் 1947 வரை நடந்தன. அவற்றை எதிர்த்தவர்களின் முதன்மை வாதம் ஒன்றுதான்: அந்நிய அரசும் அது அமைத்த சட்டசபையும் சமயத்தில் தலையிடக் கூடாது. பின்னாளில் எழுதிய ஆய்வாளர் பலரும், அவர்களுள் சீர்திருத்தத்தை ஆதரித்தவர்கள்கூட, இவ்வாதத்தின் அடித்தளத்தை ஏற்றுக்கொண்டே பேசினர். அதுவரை ஒதுங்கியிருந்த அரசு 1930களில் கோயிலுக்குள் அடியெடுத்து வைத்தது, அது நல்லதா கெட்டதா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

இக்கட்டுரை அந்த அடித்தளத்தையே மறுக்கிறது. காலனிய அரசு கோயிலை விட்டு ஒருநாளும் ஒதுங்கியிருக்கவில்லை. விலக்கலைச் சட்ட உரிமையாக்கிய நீதிமன்றத்தின் வடிவிலும், விலக்கலை மீறியவரைத் தண்டித்த குற்றவியல் சட்டத்தின் வடிவிலும் அது கோயில் கதவருகே நின்றுகொண்டுதான் இருந்தது. கோயில் நுழைவுச் சட்டங்களின் முதல் வேலை அந்தக் காவலை விலக்கிக்கொள்வது. அதில் அவை காட்டிய தயக்கமே அவற்றின் உண்மையான குறை. எதிர்ப்பாளர்கள் சொன்ன குறை அதற்கு நேர்மாறானது.

2. மாமூல் சட்டமான விதம்

1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குவிதி சென்னை மாகாணக் கோயில்களின் சொத்துகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. கிறித்தவ அரசு இந்துக் கோயில்களை நடத்துவதா என்று மிஷனரிகள் தொடர்ந்து எதிர்க்கவே, அரசு படிப்படியாக விலகியது. 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் கோயில் நிர்வாகத்தைக் கமிட்டிகளிடமும் தர்மகர்த்தாக்களிடமும் விட்டது. விலகல் என்று சொல்லப்படுவது இதைத்தான். ஆனால் கலெக்டர் கச்சேரி கைவிட்ட வேலையைச் சப்-கோர்ட்டுகள் எடுத்துக்கொண்டன. தர்மகர்த்தா யார், முதல் மரியாதை யாருக்கு, எந்த வகுப்பார் எந்த மண்டபம் வரை வரலாம் என்பன உரிமையியல் வழக்குகளாயின. வழக்கென்று வந்தால் சான்று வேண்டும். சான்றைத் தந்தது மாமூல். மாமூலை நிரூபித்தவர்கள் அதுவரை ஊரில் செல்வாக்கோடு இருந்தவர்கள்.

இதன் உச்சம் கமுதி வழக்கு. 1897 மே 14 அன்று கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சிலர் சென்று வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி மதுரைச் சப்-கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். 1899இல் தீர்ப்பு நாடாருக்கு எதிராக வந்தது. அதே ஆண்டு ஜூனில் சிவகாசிக் கலவரம் வெடித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வழியாக லண்டன் பிரிவி கவுன்சிலை எட்டியது. 1908இல் அங்கும் நாடார் தோற்றனர். இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் வரலாற்று நூலுக்குப் பிறகு இவ்வழக்கு ஆய்வுலகில் நன்கு அறியப்பட்டது. ஆனால் பெரும்பாலும் ஒரு சாதியின் எழுச்சிக் கதையாகவே அது படிக்கப்பட்டது.

இவ்வழக்கில் என் வாதத்துக்கு வேண்டிய பகுதி வேறு. மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோது சேதுபதி நாடாரோடு ராஜியாகிவிட்டார். அவர்கள் வழிபடலாம் என்று எழுதிக்கொடுத்தார். உயர் நீதிமன்றம் அந்த ராஜியை ஏற்கவில்லை. கோயிலின் மாமூலைக் காக்கக் கடமைப்பட்ட அறங்காவலர் அதை விட்டுக்கொடுப்பது அறக்கட்டளைக் கடமையை மீறுவதாகும் என்றது. வேறு சிலர் முன்வந்து வழக்கைத் தொடர்ந்து நடத்தினர்.

இதன் பொருளை நின்று பார்க்க வேண்டும். வழக்குத் தொடுத்தவரே மனம் மாறி, தன் பொறுப்பில் உள்ள கோயிலைத் திறக்க முன்வந்தபோது, திறக்க உனக்கு அதிகாரமில்லை என்று சொன்னது அரசின் நீதிமன்றம். சேதுபதியின் முன்னோர் காலத்தில் இத்தகைய தகராறு அரசவைக்கு வந்திருந்தால் அரசர் ஒரு முடிவு சொல்லியிருப்பார்; அடுத்த அரசர் அதை மாற்றியுமிருக்கலாம். காலனிய நீதிமன்றம் அந்த நெகிழ்வை அடைத்தது. ஒருமுறை நிரூபிக்கப்பட்ட மாமூல் முன்தீர்ப்பாகி மாகாணம் முழுவதற்கும் எடுத்துக்காட்டானது.

குற்றவியல் சட்டமும் இதே வேலையைச் செய்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஆம் பிரிவு, ஒரு வகுப்பாரின் சமயத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வழிபாட்டிடத்தைத் தீட்டுப்படுத்துவதைக் குற்றமாக்கியது. ஒரு சமயத்தாரின் கோயிலை மற்றொரு சமயத்தார் பாழாக்குவதைத் தடுப்பது போலத் தோன்றும் இப்பிரிவு, சாமி கும்பிடப் போன அதே சமயத்தவர் மீது பாய்ந்தது. திருப்பதியை அடுத்த திருச்சானூர்க் கோயிலுக்குள் பக்திப் பரவசத்தில் நுழைந்துவிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் 1920களின் நடுவில் இப்பிரிவின்கீழ்த் தண்டிக்கப்பட்டார். ஒத்துழையாமையால் வக்கீல் தொழிலையே விட்டிருந்த இராஜாஜி, அந்த மனிதருக்காகச் சித்தூரில் மேல்முறையீட்டில் வாதாடி விடுதலை வாங்கித் தந்தார். இழிவுபடுத்தும் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்பதே விடுதலைக்குக் காரணம். உள்ளே போகும் உரிமை அவருக்கு உண்டு என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அந்நாளில் சொல்லியிருக்கவும் முடியாது.

திருவண்ணாமலையும் இந்த அலைக்கு வெளியே இல்லை. 1920களின் பிற்பகுதியில் சுயமரியாதை இயக்கத்தார் கோயில் நுழைவை ஒரு போராட்ட வடிவமாக எடுத்தபோது, 'திராவிடன்' நாளேட்டின் ஆசிரியர் ஜே. எஸ். கண்ணப்பர் இங்குள்ள பெருங்கோயிலுக்குள் செல்ல முற்பட்டுத் தடுக்கப்பட்டார். 1934இன் தொடக்கத்தில் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின்போது காந்தியும் இந்நகருக்கு வந்தார்.

ஆக, 1932இல் சட்டசபைக்கு வந்த கேள்வியைச் சரியாக வைத்தால் அது இப்படி இருக்கும்: விலக்குவோருக்கு அரசு கொடுத்துவரும் கோர்ட்டு, போலீஸ், சிறை என்னும் துணையை இனியும் கொடுக்க வேண்டுமா? அரசு கோயிலுக்குள் வரலாமா என்ற கேள்வி அதற்கு முன்பே காலாவதியாகியிருந்தது.

3. மாறாத மரபு என்ற வாதம்

எதிர்ப்பாளர்களில் கற்றறிந்தோர் ஆகமத்தை முன்னிறுத்தினர். கோயில் பொதுக்கட்டடம் அன்று. ஆகம விதிப்படி பிரதிட்டை செய்யப்பட்ட மூர்த்தியின் இருப்பிடம். யார் எங்கு நின்று வழிபட வேண்டும் என்பதை விதி வகுத்திருக்கிறது. அது மீறப்பட்டால் சாந்நித்தியம் குறையும். அதனால் ஊருக்கே கேடு. இது நம்பிக்கையிலிருந்து எழுந்த வாதம். அதைச் சொன்ன அனைவரையும் ஆதிக்க வெறியர் என்று ஒதுக்குவது ஆய்வுக்கு அழகன்று. ஆனால் வரலாற்றுக் கூற்றாக அது நிற்குமா என்று பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.

திருவண்ணாமலைக் கோயிலையே சான்றாகக் கொள்வோம். அதன் சுவர்களில் சோழர் முதல் விசயநகரத்தார் வரை பல அரச மரபுகளின் கல்வெட்டுகள் உள்ளன. கொடைகள், விளக்குகள், திருவிழாக்கள், ஊழியங்கள் எல்லாம் காலந்தோறும் மனிதரால் ஏற்படுத்தப்பட்டவை என்பதற்கு அவையே சாட்சி. 217 அடி உயர இராசகோபுரத்தைத் தொடங்கியவர் கிருட்டிணதேவராயர். முடித்தவர் தஞ்சை செவ்வப்ப நாயக்கர். 14ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தன் தலைநகராக்கிக்கொண்ட போசள மன்னர் மூன்றாம் வல்லாளருக்குப் பிள்ளையில்லாத குறையைத் தீர்க்க இறைவனே மகனாக வந்தார் என்பது தலபுராணம். அதன்படி இன்றும் மாசி மாதத்தில் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி வல்லாளருக்குத் திதி கொடுக்கிறார். மனிதனாகிய ஒரு மன்னனுக்கு இறைவன் ஈமக்கடன் செய்யும் இச்சடங்கு ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட அரசனை ஒட்டி உருவானது. அது பிற்காலத்தது என்று யாரும் அதை விலக்கவில்லை. மரபு புதியதை ஏற்றுக்கொண்டு வளர்ந்தது என்பதே அதன் பாடம்.

கார்த்திகைத் தீபம் இன்னும் நெருக்கமான சான்று. 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபம் இத்தலத்தின் தலையாய வழிபாடு. கொப்பரையும் நெய்யும் திரித்துணியும் மலைமேல் கொண்டுபோய் அத்தீபத்தை ஏற்றும் உரிமை பருவதராசகுலத்தாருக்கு உரியது. மீன்பிடி தொழிலை மரபாகக் கொண்ட செம்படவர் சமூகம் அது. வருணக் கணக்கில் மேலிடம் பெறாத ஒரு சமூகத்தின் கையால்தான் இந்த ஊரின் சோதி எழுகிறது. அந்தக் கையால் அக்கினித் தலத்தின் தூய்மை கெட்டதென்று யாரும் சொன்னதில்லை.

இவற்றால் தீண்டாமை இங்கு இல்லாதிருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அது இருந்தது, கொடிதாகவே இருந்தது. நான் சொல்வது, ஒரு கோயிலின் வழக்கம் என்பது பல சமூகங்களின் பங்கும் பல அரசர்களின் ஆணையும் கலந்த கூட்டுப்பொருள் என்பது. அதிலிருந்து விலக்கல் என்ற ஒரு கூறை மட்டும் உருவி எடுத்து, இதுவே மாறாத சாரம் என்று நிலைநாட்ட ஆகமம் மட்டும் போதவில்லை. கமுதியில் அந்த வேலையைக் கூண்டேறிய சாட்சிகளும் முன்தீர்ப்புகளும் சேர்ந்தே செய்தன. நந்தனார் கதையை இரு தரப்பும் எடுத்தாண்டதும் இதையே காட்டுகிறது. தீயில் இறங்கித் தூய்மை பெற்ற பிறகே அவர் உள்ளே போனார் என்றனர் எதிர்ப்பாளர். அவரை உள்ளே அழைத்தவன் இறைவன் என்றனர் சீர்திருத்தக்காரர்.

4. 1932–34: இரு மசோதாக்கள்

1932 செப்டம்பரில் காந்தியின் எரவாடா உண்ணாநோன்பும் பூனா ஒப்பந்தமும் நிகழ்ந்தன. அதே மாதத்தில் குருவாயூர்க் கோயிலைத் திறக்கக் கேளப்பன் உண்ணாநோன்பு இருந்தார். பொன்னானி வட்டத்தில் கோயிலுக்குப் போகும் உரிமையுள்ள சாதி இந்துக்களிடையே அந்த ஆண்டு இறுதியில் எடுத்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் நுழைவை ஆதரித்தனர். ஆனால் அறங்காவலரான சாமூதிரி, சட்டம் தன் கையைக் கட்டியிருக்கிறது என்றார். எதிர்ப்புணர்ச்சி அதில் எவ்வளவு இருந்திருந்தாலும், சட்ட நிலையைப் பொறுத்தவரை அவர் சொன்னது பொய்யன்று. கமுதித் தீர்ப்பு அதைத்தான் சொல்லியிருந்தது.

இந்தக் கட்டை அவிழ்க்கவே முன்னாள் முதலமைச்சர் டாக்டர் ப. சுப்பராயன் சென்னை சட்டசபைக்கு ஒரு மசோதா கொண்டுவர முயன்றார். உள்ளூர் இந்து வாக்காளரில் பெரும்பான்மையோர் விரும்பினால் கோயிலைத் திறக்கலாம் என்பது அதன் சாரம். மாகாண எல்லையைத் தாண்டிய பிரச்சினை என்று கூறி, 1933 ஜனவரியில் வைசிராய் வில்லிங்டன் அதற்கு முன் அனுமதி மறுத்தார். மத்திய சட்டசபையில் சி. எஸ். ரங்க ஐயரின் மசோதாவுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அது பொதுக்கருத்துக்குச் சுற்றுக்கு விடப்பட்டு, காங்கிரஸ் தேர்தலை எதிர்நோக்கிய 1934இல் கைவிடப்பட்டது.

எதிர்ப்பாளர்களின் வாதங்கள் இந்த ஆண்டுகளில்தான் முழு வடிவம் பெற்றன. வர்ணாசிரம சுயராச்சிய சங்கத்தாரும் மடாதிபதிகள் பலரும் 1858ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் பிரகடனத்தைச் சுட்டினர். சமயத்தில் தலையிடமாட்டோம் என்று அரசு வாக்களித்திருக்கிறது. பிற சமயத்தாரும் உட்கார்ந்திருக்கும் சட்டசபைக்கு ஆகமத்தைத் திருத்தும் தகுதி இல்லை. கொடையாளர் நோக்கத்துக்கு மாறாகச் சொத்தைப் பயன்படுத்துவது அறக்கட்டளை மோசடி. பெரும்பான்மை வாக்கால் ஒரு சிறுபான்மையின் மனச்சாட்சியை மிதிக்கக் கூடாது.

கடைசி வாதத்தில் ஒரு நியாயத்தின் சாயல் உண்டு. மற்றவை தம்மைத் தாமே மறுக்கின்றன. பிரகடனத்தைக் காட்டி அரசை வெளியே நிறுத்தச் சொன்னவர்களே, கோயிலுக்குள் யாரேனும் நுழைந்தால் போலீசையும் கோர்ட்டையும் அழைத்தார்கள். பிரிவி கவுன்சிலில் அமர்ந்து கமுதிக் கோயிலின் தீட்டைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவர்கள் இந்துக்கள் அல்லர். அவர்களின் தகுதியை அப்போது யாரும் கேள்வி கேட்கவில்லை. தகுதிக் கேள்வி, கதவைத் திறக்கும்போது மட்டும் எழுந்தது. அடைத்து வைக்கும்போது எழவில்லை.

இதே முரணைப் பிற சட்டங்களிலும் காணலாம். தேவதாசி ஒழிப்பை எடுத்துக்கொள்வோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927 நவம்பரில் சென்னை சட்டசபையில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் அவர் முயற்சியால் அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. கோயில் ஊழியத்துக்கென விடப்பட்ட இனாம் நிலத்தை, ஊழியம் செய்யாமலே தேவதாசிகள் வைத்துக்கொள்ள அத்திருத்தம் வழிசெய்தது. சத்தியமூர்த்தி போன்றோர் சமயத் தலையீடு என்று இம்முயற்சிகளை எதிர்த்தனர். ஆனால் அந்தப் பெண்களை ஊழியத்தோடு பிணைத்திருந்த கயிறுகளில் ஒன்று இனாம் முறை. அதைப் பதிவு செய்து, நிபந்தனை விதித்துக் காத்துவந்தது அரசின் வருவாய்த் துறை. அந்தக் கயிற்றைத் தளர்த்தியதைத் தலையீடு என்பது எப்படிப் பொருந்தும்? அதேவேளை, தேவதாசிகள் தாங்களே சங்கமாகத் திரண்டு அரசுக்கு மனு அளித்து, தங்களை விலைமகளிரோடு சேர்க்க வேண்டாம், கல்வியும் கலையும் தந்து உயர்த்துங்கள் என்று கேட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிர்த்தவர் எல்லாரும் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை. சனாதனியின் எதிர்ப்பையும், சட்டத்தால் வாழ்வே மாறப்போகிற பெண்ணின் எதிர்ப்பையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி.

5. மறுபக்கத்து எதிர்ப்பு: அம்பேத்கரும் எம். சி. ராஜாவும்

கோயில் நுழைவு மசோதாக்களுக்கும் அத்தகைய மறுபக்கத்து எதிர்ப்பு உண்டு. 1933 பிப்ரவரி 14 அன்று அம்பேத்கர் வெளியிட்ட அறிக்கை அதில் முதன்மையானது. மசோதா தீண்டாமையைப் பாவம் என்று கூறவில்லை. கோயிலைத் திறப்பதை அங்கங்குள்ள பெரும்பான்மையின் விருப்பத்துக்கு விடுகிறது. தீமை என்று அறிந்த ஒன்றை, பெரும்பான்மை விட மனமில்லை என்பதற்காக எப்படிப் பொறுப்பது என்று அவர் கேட்டார். கல்வியும் வேலையும் பொருளியல் உயர்வும் முன்னால் வரட்டும் என்றார். கோயில் நுழைவு முடிவான இலக்கா, வருண ஒழிப்பை நோக்கிய முதற்படியா என்பதையும் தெளிவுபடுத்தச் சொன்னார்.

எம். சி. ராஜாவின் அனுபவம் அம்பேத்கரின் ஐயத்தை உறுதி செய்தது. பூனா ஒப்பந்தத்தின்போது காந்தியின் பக்கம் நின்றவர் அவர். 1937இல் இராஜாஜி அமைச்சரவை வந்த பின், ராஜாவின் முயற்சியால் 1938ஆம் ஆண்டின் 21ஆம் சட்டமான குடியியல் தகுதியின்மை நீக்கச் சட்டம் நிறைவேறியது. சாலை, கிணறு போன்ற பொது வசதிகளில் விலக்கலை அது தடை செய்தது. இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானத்தால் 1924இலேயே அரசாணையாக அறிவிக்கப்பட்ட உரிமைக்கு இதனால் சட்ட வலு கிட்டியது. ஆனால் அதே ஆண்டில் ராஜா கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவுக்கு அமைச்சரவை துணை நிற்கவில்லை. மாகாணம் முழுவதற்கும் வேண்டாம், மலபாருக்கு மட்டும் போதும் என்று இராஜாஜி தள்ளிவைக்கச் சொன்னார். ராஜா இணங்கவில்லை, மசோதா தோற்றது. காந்திக்கு அவர் எழுதிய கடிதங்களில் ஏமாற்றம் வெளிப்படையாகத் தெரிகிறது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஒரே பிரகடனத்தால் தம் சமஸ்தானக் கோயில்களைத் திறந்திருந்தார். மக்களாட்சி முறையில் அமைந்த அமைச்சரவை அந்த அளவுக்குப் போகவில்லை.

மலபார் கோயில் நுழைவுச் சட்டம் 1938இல் வந்தது. அதுவும் வாக்காளர் கருத்தறியும் வழியையே நம்பியது. அரசு விலக்கலுக்குத் தந்த காவலை எடுத்துக்கொண்டது சரி. ஆனால் விலக்கப்பட்டவரின் உரிமையை விலக்கியவரின் வாக்குச்சீட்டில் தொங்கவிட்டது. எதிர்ப்பாளரின் கூச்சலுக்கு அஞ்சிச் செய்த சமரசம் இது.

6. மதுரை, 1939

1939 ஜூலை 8 காலை, மதுரையில் வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் சென்றார். நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். பட்டர்களில் ஒரு பகுதியினர் கோயில் தீட்டுப்பட்டது என்று பூசை செய்ய மறுத்தனர். நடேச ஐயர் தலைமையில் எதிர்ப்பு அணி திரண்டது, கோயிலுக்கு வெளியே மாற்று வழிபாடு ஏற்பாடாயிற்று, வழக்குகளும் கிளம்பின.

சட்ட நிலையை இங்கே கவனிக்க வேண்டும். கமுதித் தீர்ப்பின்படி பார்த்தால், கதவைத் திறந்த அதிகாரியும் உள்ளே அழைத்துப்போன வைத்தியநாத ஐயரும் வழக்குக்கு உள்ளாகக் கூடியவர்கள். மாமூலை மீறியவர்கள் அவர்களே. எனவேதான் ஆளுநர் எர்ஸ்கின் வழியாக முதலில் அவசரச் சட்டமும், தொடர்ந்து 1939ஆம் ஆண்டின் 22ஆம் சட்டமும் வந்தன. கோயில் நுழைவு அதிகாரமளிப்பு மற்றும் ஈட்டுறுதிச் சட்டம் என்ற அதன் பெயரே அது செய்த இரு வேலைகளைச் சொல்கிறது. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர் கருதினால், அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறக்க அவருக்கு அதிகாரம் தந்தது. ஏற்கெனவே திறந்தவர்களை வழக்குகளிலிருந்து காத்தது. பழனி, திருக்குற்றாலம், தஞ்சைப் பெரியகோயில் ஆகியவற்றின் கதவுகளும் அந்நாட்களில் திறந்தன.

குற்றம் செய்தவரைக் காக்கப் பின்தேதியிட்டுச் சட்டம் இயற்றலாமா என்று எதிர்ப்பாளர் கேட்டனர். சட்டத்தின் ஆட்சி என்ற நோக்கில் பார்த்தால் இது எளிதில் தள்ளக்கூடிய கேள்வியன்று. ஆனால் அதன் விடை 1901இலேயே இருக்கிறது. பாஸ்கர சேதுபதி கதவைத் திறக்க ஒப்பியபோது அவர் கையைக் கட்டியது நீதிமன்றம். 38 ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டைச் சட்டம் அவிழ்த்தது. ஒருவர் அறத்தைச் செய்தால் அது குற்றமாகும்படி அரசே முன்பு ஏற்பாடு செய்திருந்தால், அவரைக் காப்பதும் அரசின் கடனே.

7. 1947: உரிமை

நுழைவு உரிமையாக மாறியது 1947ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தால். சாதி எதுவாயினும் ஒவ்வோர் இந்துவுக்கும் மற்ற இந்துக்களுக்கு உள்ள அதே அளவில் கோயிலுக்குள் சென்று வழிபட உரிமை உண்டு என்று அது அறிவித்தது. வாக்கெடுப்பு இல்லை; அறங்காவலரின் விருப்பம் இல்லை; தடுத்தால் தண்டனை உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பும் 25ஆம் உறுப்பின் இரண்டாம் பகுதியும் இதற்கு நாடு தழுவிய அடித்தளம் அமைத்தன. மூல்கி வேங்கடரமணர் கோயிலின் அறங்காவலர்கள் இந்தச் சென்னைச் சட்டத்தையே எதிர்த்து நடத்திய வழக்கில், 1958இல் உச்ச நீதிமன்றம் நுழைவுரிமையை உறுதி செய்தது. யார் வழிபடலாம் என்பது சமய விஷயமே என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பின்னும், பொதுக்கோயிலைத் திறந்துவிடும் அரசின் அதிகாரமே மேலோங்கும் என்றது.

உரிமை ஏட்டில் ஏறிவிட்டால் எதிர்ப்பு மறைந்துவிடுவதில்லை. இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. அப்படியிருந்தும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் சி. சுந்தரலிங்கம் முன்னின்று தாழ்த்தப்பட்ட மக்களைத் தடுத்தார். நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் முதன்முறையாகச் சென்று வழிபட்டது 2023 ஜனவரி 30 அன்று. மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் உடன் நின்றன, பெண்கள் பொங்கல் வைத்தனர், மாலைகளோடு சென்றனர். ஊரின் பிற சாதியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்தக் கோயில் அறநிலையத் துறையின் கீழ் உள்ளது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஊருக்கு எட்ட 75 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதைக் கொண்டு சட்டத்தால் பயனில்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு; மனமாற்றம் வந்தால்தான் எல்லாம் நடக்கும் என்பார்கள். நான் பெறும் முடிவு வேறு. சட்டம் இல்லாதிருந்தால் அந்த ஜனவரி நாளில் ஆட்சியர் எந்தப் பக்கம் நின்றிருப்பார்? 1899இன் சட்டப்படி, பொங்கல் பானையோடு வந்த பெண்களை மறிப்பதே அவர் கடமையாக இருந்திருக்கும். 2023இல் அவர் அவர்களோடு நடந்தார். அந்த இடமாற்றம் சிறிதன்று. அது தானாக நடக்கவுமில்லை. வழக்காடியவர்கள், சிறை சென்றவர்கள், சட்டசபையில் தோற்றும் மீண்டும் எழுந்தவர்கள் பெற்றுத் தந்தது.

8. முடிவுகள்

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, சீர்திருத்தச் சட்டங்களின் வரலாற்றை எழுதும்போது அரசின் தலையீடு எப்போது தொடங்கியது என்பதைச் சட்டம் நிறைவேறிய நாளிலிருந்து கணக்கிடக் கூடாது. கோயில் நுழைவைப் பொறுத்தவரை அது 1939இலோ 1947இலோ தொடங்கவில்லை. மாமூலை நீதிமன்றம் கட்டாய விதியாக ஏற்ற நாளில் தொடங்கியது. நடுநிலை என்று பேசப்பட்டது உண்மையில் ஒரு தரப்பின் உடைமைக்கு அரசு அளித்த காப்பு. எதிர்ப்பாளர்கள் காக்க விரும்பியது சமயத்தின் தன்னாட்சியை என்றால், முதலில் அவர்கள் பிரிவி கவுன்சிலின் தீர்ப்பைத் துறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, எதிர்ப்பாளர் என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு மனிதரை அடைக்கக் கூடாது. சனாதனிகள் சட்டம் மிகுதியாகச் செய்கிறது என்றனர்; அம்பேத்கர் குறைவாகச் செய்கிறது என்றார். வரலாறு அம்பேத்கர் பக்கமே தீர்ப்பளித்திருக்கிறது. பெரும்பான்மையின் ஒப்புதலையும் அறங்காவலரின் மனத்தையும் நம்பிய சட்டங்கள் எட்டியது சில கோயில்களை. ஒவ்வொருவருக்கும் உரிமை என்று சொன்ன சட்டமே, ஏட்டளவிலேனும், மாகாணம் முழுவதையும் எட்டியது.

மூன்றாவது, உரிமைச் சட்டத்துக்குப் பின்னும் அரசுக்கு வேலை உண்டு. தென்முடியனூர் போன்ற ஊர்களில் யாரேனும் மனுக் கொடுத்து, தகராறு மூண்ட பிறகே நிர்வாகம் அசைகிறது. விலக்கப்பட்ட ஏழை மனிதர், ஊரைப் பகைத்துக்கொண்டு, தன் வேலையையும் பாதுகாப்பையும் பணயம் வைத்து மனு எழுதிய பிறகுதான் சட்டம் விழிக்கும் என்றால், உரிமையின் விலையை அவர் தலையிலேயே கட்டுகிறோம். அறநிலையத் துறையின் கீழ் உள்ள ஒவ்வொரு கிராமக் கோயிலிலும் யார் உள்ளே வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதைத் துறையே கணக்கெடுத்து, தடை இருக்கும் இடத்தில் தானே முன்சென்று நீக்க வேண்டும். விலக்கலைக் காக்க ஒரு காலத்தில் அரசு தன் கோர்ட்டையும் போலீசையும் கொடுத்தது. சமத்துவத்துக்காக அது தானே முன்வந்து இயங்க வேண்டும் என்று கேட்பது நியாயமே.